அப்பா கணக்கில் பற்று மட்டும்

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். சாஃப்ட்வேர்காரர். எட்டு வருடமாக ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறார். தாலி, பதிவு, மாலை மாற்றல் எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் அதில் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். ஆறு வயதில் ஒரு மகள். அப்பாவின் மூக்கு, அம்மாவின் பிடிவாதம்.

"ஒரு சந்தேகம் சார். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் ஃபிளாட் யாருக்குப் போகும்?"

"இதென்ன கேள்வி? உங்க பொண்ணுக்கு."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். வக்கீல் இல்லேங்கறார். எங்கம்மாவுக்குப் போகுமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அவருடைய அம்மா இந்தப் பேத்தியை இதுவரை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

வக்கீல் சொன்னது சரியா என்று பார்த்தேன். சரிதான். 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 'உறவு' என்றால் என்ன என்று ஓர் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். முறையான திருமணத்தின் வழியாக வருவதுதான் உறவு. அப்படியானால் கல்யாணமாகாதவர்களுக்குப் பிறந்த குழந்தை யாருக்கு உறவு? அம்மாவுக்கு உறவு. கூடப் பிறந்ததுகளுக்கு உறவு. அதோடு சரி. அப்பா என்கிற ஆசாமி அந்த வாக்கியத்தில் தலைகாட்டவே இல்லை. உயில் எழுதாமல் நண்பர் போய்ச் சேர்ந்தால், ஆறு வருடம் தோளில் சுமந்த மகள் சொத்து விஷயத்தில் எதிர் ஃபிளாட் குழந்தைக்குச் சமம்.

சட்டத்துக்கு இந்த அப்பாவைத் தெரியவே தெரியாதோ என்றால், அப்படியும் இல்லை. நன்றாகத் தெரியும். எப்போது? அவர் ஓடிப்போனால்! குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புகழ்பெற்ற 125-வது பிரிவு (2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு, பெயர்தான் புதுசு) பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாத அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுக்கிறது. அங்கே 'கல்யாணம் ஆச்சா, ஆகலையா' என்ற பேச்சே கிடையாது. திருமணத்தில் பிறந்ததோ, அதற்கு வெளியே பிறந்ததோ, மாதா மாதம் பணம் கட்டு. இந்து ஜீவனாம்சச் சட்டமும் இதையே சொல்கிறது. அவர் செத்த பிறகும், விட்டுப்போன சொத்திலிருந்து அந்தக் குழந்தைக்குச் சாப்பாட்டுச் செலவு உண்டு. மகன் என்றால் மேஜராகும்வரை, மகள் என்றால் கல்யாணம் ஆகும்வரை. சோறு உண்டு, பங்கு கிடையாது.

நான் பி.காம். படித்தவன். ஒவ்வொரு பற்றுக்கும் எங்காவது ஒரு வரவு இருந்தே ஆகவேண்டும் என்பதுதான் மூன்று வருடத்தில் மண்டையில் ஏறிய ஒரே விஷயம். கல்யாணமாகாத அப்பாவின் கணக்கை அப்படிப் பிரித்து வைத்துப் பார்த்தால் பற்றுப் பக்கம் நிறைய எழுதியிருக்கிறது. வரவுப் பக்கம் வெள்ளைத்தாள். இந்த பாலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே ஒருவர் ஊரைக் கூட்டி இரண்டாவது கல்யாணம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாணம் செல்லாது. அது குற்றமும்கூட. ஆனால், அதில் பிறந்த குழந்தை? இந்துத் திருமணச் சட்டம் 16-வது பிரிவின்படி முறையான வாரிசு. அப்பாவுக்குப் பிரிந்து வரும் பரம்பரைச் சொத்திலும் அதற்குப் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. குழந்தை என்ன பாவம் செய்தது?

ஆனால், யாரையும் ஏமாற்றாமல், இன்னொரு குடும்பம் எதுவும் இல்லாமல், ஒரே பெண்ணோடு எட்டு வருடம் இருந்த என் நண்பரின் மகளுக்கு அந்த 16-வது பிரிவு பொருந்தாது. ஏனென்றால் அதற்கு ஒரு செல்லாத கல்யாணமாவது நடந்திருக்க வேண்டும்! தப்பான கல்யாணம் செய்துகொண்டவன் பிள்ளைக்கு அப்பா உண்டு. கல்யாணமே செய்துகொள்ளாதவன் பிள்ளைக்கு இல்லை.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் நடந்த இரண்டு பெரிய வழக்குகள் தொடங்கிய இடத்தைப் பார்த்தால் காமர்ஸ்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. இரண்டுமே சேமிப்புப் படிவத்தில் தொடங்கியவை.

முதல் வழக்கு, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் போட்டது. 1984-ல் அவரும் கணவரும் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பாண்டு வாங்க விண்ணப்பித்தார்கள். கார்டியன் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். 'அப்பா கையெழுத்து எங்கே?' என்று படிவம் திரும்பி வந்தது. கார்டியன் சட்டத்தின் 6-வது பிரிவு அப்படி. மைனர் குழந்தைக்கு இயற்கையான கார்டியன் அப்பா. 'அவருக்குப் பிறகு' அம்மா. அம்மா ஸ்டெப்னி டயர் மாதிரி. 1999 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தப் 'பிறகு' என்ற சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, 'பிறகு என்றால் அவர் செத்த பிறகு என்று அர்த்தமில்லை. அவர் அந்தப் பொறுப்பில் இல்லாதபோது' என்று விளக்கம் கொடுத்தது. ஒரு சொல்லுக்கு உரை எழுதியே ஸ்டெப்னியை வண்டியில் மாட்டிவிட்டார்கள்.

அதே 6-வது பிரிவின் அடுத்த வரிக்கு வாருங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இயற்கையான கார்டியன் அம்மா. 'அவருக்குப் பிறகு' அப்பா. இங்கே ஸ்டெப்னி அப்பா. அதே பிரிவு, அதே சொல், ஆள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு 'மாசூம்' ஞாபகம் வருகிறது. எரிக் செகல் எழுதிய ஒரு நாவலை வைத்து 1982-ல் பாலு மகேந்திரா மலையாளத்தில் 'ஓளங்கள்' எடுத்தார். 1983-ல் அதே நாவலை சேகர் கபூர் இந்தியில் 'மாசூம்' ஆக்கினார். கல்யாணமான ஒருவருக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த பையன், அம்மா இறந்ததும் அப்பா வீட்டுக்கு வருகிறான். மனைவி ஏற்பாளா மாட்டாளா என்பதுதான் கதை. நாமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். 'அவருக்குப் பிறகு அப்பா' என்ற சட்டத்தின் வரி அப்படியே கண்முன்னால் நடக்கிறது. ஆனால், நம் சினிமா அதை அந்த மனைவியின் பெருந்தன்மைக் கணக்கில்தான் எழுதியது. பையனுக்கு அங்கே இருக்க உரிமை உண்டா என்று ஒரு பாத்திரமும் கேட்டதாக ஞாபகம் இல்லை. படம் பார்த்த நாமும் கேட்கவில்லை.

இரண்டாவது படிவத்துக்கு வருவோம். டெல்லியில் படித்த, நல்ல சம்பளம் வாங்கும் ஒரு பெண். கல்யாணமாகவில்லை. 2010-ல் மகன் பிறந்தான். தன் சேமிப்புக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அவனை நாமினியாகப் போட நினைத்தார். 'அப்பா பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள்' என்றார்கள். கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் 'அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பணுமே, பெயரைச் சொல்லுங்கள்.' அவர் மறுத்தார். கீழ் கோர்ட் மனுவைத் தள்ளியது. ஹைகோர்ட்டும் தள்ளியது. ஹைகோர்ட் சொன்ன காரணம்தான் முக்கியம். கல்யாணம் இல்லாவிட்டாலும் பெற்ற தகப்பனுக்குக் குழந்தையின் நலனிலும் வளர்ப்பிலும் அக்கறை இருக்கலாம் அல்லவா, அவரைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது என்றது.

எவ்வளவு உயர்ந்த எண்ணம்! தனியாகப் பார்த்தால் நான் கைதட்டுவேன். ஆனால், அது எப்போது உதித்தது பாருங்கள். அப்பா என்று யாரும் வந்து கதவைத் தட்டாதபோது, பிள்ளையை வளர்க்கிற அம்மாவின் மனுவை நிறுத்துவதற்காக உதித்தது.

2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இதைத் திருத்தியது. பொறுப்பே எடுக்காத ஒருவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை, பெயரையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. கூடவே, கல்யாணமாகாத அம்மா அபிடவிட் கொடுத்தால் அப்பா பெயர் இல்லாமலே பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பாராட்ட வேண்டிய தீர்ப்பு, பாராட்டியும் ஆயிற்று. அதில் எனக்குக் குறை ஒன்றுதான். அக்கறையில்லாத அப்பாவை என்ன செய்வது என்று தெளிவாகச் சொன்ன தீர்ப்பு, அக்கறையுள்ள அப்பா எங்கே போய்ப் பெயர் கொடுப்பது என்று சொல்லவில்லை. 'கார்டியன் உத்தரவு எதுவும் நிரந்தரம் இல்லை, பிறகு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. வழக்குக்கு அது தேவைப்படவில்லை, வாஸ்தவம். ஆனால், வேறு எந்தச் சட்டமும் அதைச் சொல்லாதபோது அந்த மௌனம் பெரிதாகத் தெரிகிறது.

அப்பா யார் என்பது நமக்குப் புதுப் பிரச்னை இல்லை. சகுந்தலை மகனைக் கையில் பிடித்துக்கொண்டு துஷ்யந்தன் சபையில் நின்றது இதற்காகத்தான். காட்டில், சாட்சி இல்லாமல், இரண்டு பேர் மனமொத்துச் செய்துகொண்ட காந்தர்வ விவாகம். அதாவது, இன்றைய 'லிவிங் டுகெதர்' ஃபைலில் வைக்கவேண்டிய கேஸ். காளிதாசன் மோதிரத்தையும் முனிவர் சாபத்தையும் கொண்டுவந்து ராஜாவைக் காப்பாற்றிவிட்டான். மகாபாரதத்தில் மோதிரம் கிடையாது, மறதியும் கிடையாது. ராஜாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தெரியாது என்கிறான். அசரீரி வந்து 'இவன் உன் பிள்ளைதான்' என்று சொன்ன பிறகு, 'எனக்குத் தெரியும். இவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றுக்கொண்டால் ஊர் சந்தேகப்படும், அதனால்தான்' என்று வழிகிறான். அசரீரிதான் அந்தக் காலத்து டி.என்.ஏ. டெஸ்ட்.

இதற்கு நேர் எதிராக சாந்தோக்ய உபநிஷத்தில் ஓர் அம்மா. பையன் குருகுலத்துக்குப் போகிறான், அப்பா யார் என்று கேட்பார்களே என்கிறான். 'தெரியாதப்பா, என் பெயர் ஜபாலா, உன் பெயர் சத்யகாமன், சத்யகாம ஜாபாலன் என்று சொல்' என்கிறாள். அம்மா இனிஷியல்! குரு சேர்த்துக்கொண்டார். நம் ஊரிலோ, 'இனிஷியல் இல்லாத பிள்ளை' என்பது இன்றைக்கும் தெருச்சண்டையில் கடைசியாக எடுக்கிற ஆயுதம்.

துஷ்யந்தனுக்கு வருவோம். அவன் மறுபடி பிறந்து 2008-ல் டெல்லி ஹைகோர்ட்டுக்கு வந்தான். உத்தரப்பிரதேசத்துக்கு மூன்று முறை முதல்வர், உத்தராகண்டுக்கு ஒரு முறை முதல்வர், மத்திய மந்திரி, ஆந்திர கவர்னர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்த என்.டி.திவாரி. 'இவர்தான் என் அப்பா' என்று ரோஹித் சேகர் என்ற இளைஞர் வழக்குப் போட்டார். பணம் கேட்கவில்லை. ஒப்புக்கொள் என்றார். பெரியவர் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2012 மே மாதம், டேராடூன் வீட்டில் கோர்ட் ஆட்கள் முன்னிலையில் ரத்தம் எடுத்தார்கள். ஜூலையில் கவரைப் பிரித்தார்கள். அப்பாதான். அதற்குப் பிறகும் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள 2014 மார்ச் ஆயிற்று. அந்த மே மாதம், 88 வயதில், ரோஹித்தின் அம்மாவைக் கல்யாணமும் செய்துகொண்டார். பிள்ளைக்கு அப்போது முப்பதைத் தாண்டி வெகு நாள்.

டி.வி.யில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பையனை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. படித்து முடித்து வாழ்க்கையைத் தொடங்குகிற வருடங்களை, 'எனக்கு நீ யார்?' என்ற ஒரு கேள்விக்காகக் கோர்ட் வராந்தாவில் கழித்தான். 2018-ல் திவாரி காலமானார். அடுத்த ஆறு மாதத்தில், 2019 ஏப்ரலில், ரோஹித்தும் இல்லை.

இந்த வழக்கில் ஒரு சிக்கல் இருந்தது. ரோஹித் பிறந்தபோது அவர் அம்மா வேறொருவரின் மனைவி. 1872-ம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு, கல்யாணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதே என்கிறது. கல்யாணம் முறிந்து 280 நாளுக்குள் பிறந்தாலும் அப்படியே. கணவனும் மனைவியும் சந்திக்கவே வாய்ப்பில்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. ரத்தத்தில் வகை உண்டு என்பதே கண்டுபிடிக்கப்படாத காலத்தில் எழுதியது. சாட்சியச் சட்டத்துக்கு 2023-ல் புதுப் பெயர் வைத்தபோது இதை அப்படியே 116-வது பிரிவாகத் தூக்கி வைத்துவிட்டார்கள். டெல்லி ஹைகோர்ட் 2010-ல், முறையான மகனா என்பது வேறு, யார் பெற்றது என்பது வேறு என்று பிரித்துப் பார்த்துத்தான் ரோஹித்துக்கு டெஸ்ட் கொடுத்தது. ஆனால், 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த இதே மாதிரியான ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், இரண்டும் வேறில்லை, பிறந்தபோது யார் கணவனோ அவரே அப்பா என்று சொல்லி, இன்னொருவருக்கு டி.என்.ஏ. டெஸ்ட் நடத்த மறுத்துவிட்டது. கண்டவர் ரத்தத்தையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால் எத்தனை குடும்பம் சந்தி சிரிக்கும் என்ற பயம் அதில் இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும், ரோஹித் 2025-ல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி உறுத்துகிறது.

திவாரி ஓடிய அப்பா. திரும்பி வந்து நின்ற ஓர் அப்பாவின் கதையும் சொல்ல வேண்டும். இதுவும் கேரளம்தான்.

ஓர் இளைஞன், ஒரு பெண். வேறு வேறு மதம். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். 2020-ல் பெண் குழந்தை. அவன் சினிமா வேலையாக வெளி மாநிலம் போனான். தொடர்பு அறுந்தது. கையில் குழந்தை, பக்கத்தில் யாரும் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றே அவள் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். குழந்தைகள் நலக் குழுவிடம் போய்க் குழந்தையை ஒப்படைத்தாள்.

குழுவிடம் விதிமுறை இருக்கிறது. கல்யாணமான தம்பதி குழந்தையை ஒப்படைத்தால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கல்யாணமாகாத தாய் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். ஒப்படைத்தவர் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது கடந்தது. குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று சான்றிதழ் தயாரானது. ஒரு தம்பதி தத்தெடுத்தும் போனார்கள். இவ்வளவும் நடந்தபோது அப்பா என்று ஒருவர் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று விசாரிக்க யாருக்கும் சட்டப்படி வேலை இல்லை. குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை.

அவன் திரும்பி வந்தான். இருவரும் சேர்ந்து கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பெற்ற தகப்பனின் உரிமை இயற்கையானது, அதற்குத் திருமணம் என்ற அமைப்பு முன்நிபந்தனை அல்ல என்று நீதிபதிகள் எழுதினார்கள். சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிறந்த குழந்தையை, ஒப்படைக்கும் விஷயத்தில், தம்பதிக்குப் பிறந்ததாகவே பார்க்க வேண்டும். அப்பா கையெழுத்து இல்லாத ஒப்படைப்பு செல்லாது. தத்துக்குத் தயார் என்ற சான்றிதழ் ரத்து.

நியாயமான தீர்ப்பு. ஆனால், அந்த இன்னொரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பல வருடம் காத்திருந்து, வரிசையில் நின்று, தொட்டில் வாங்கி, பெயர் வைத்துக் கொஞ்சிய வீடாக இருக்கலாம். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒப்படைத்த அன்றே யாராவது 'இதன் அப்பா யார்மா? போன் நம்பர் இருக்கா?' என்று கேட்டிருந்தால் மூன்று பேர் அழுதது மிச்சமாகியிருக்கும். கேட்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

'சரி, இதையே சட்டமாக்கிவிட வேண்டியதுதானே, பெற்ற எல்லா அப்பாவுக்கும் உரிமை என்று' எனப் பாய்ந்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் சூடாகிவிட்டார். "ஏமாத்தினவனும் அப்பாதான், அடிச்சவனும் அப்பாதான், பலாத்காரம் பண்ணினவனும் அப்பாதான். அவனெல்லாம் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிட்டு வந்து 'என் குழந்தை'ன்னு வாசல்ல நின்னா யார் சார் பதில் சொல்றது? பத்து மாசம் தனியா பட்டவளுக்கு அது ஒண்ணுதான் நிம்மதி, அவன் பேர் எங்கேயும் இல்லைங்கறது." டெல்லிப் பெண் பெயரைச் சொல்ல மறுத்ததற்கு இதுதான் அர்த்தம். பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாத ஊரில், அப்பாவின் உரிமை என்பது கத்தி. யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளும் இதில் தட்டுத்தடுமாறித்தான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டான்லி என்பவர் கல்யாணம் ஆகாமல் 18 வருடம் விட்டுவிட்டு ஒரு பெண்ணோடு வாழ்ந்தார். மூன்று குழந்தைகள். அந்த அம்மாள் இறந்ததும் அரசாங்கம் வந்து குழந்தைகளை எடுத்துக்கொண்டது. கல்யாணமாகாத அப்பா லாயக்கற்றவர் என்று சட்டமே முடிவு கட்டியிருந்தது. ஒரு விசாரணைகூடக் கிடையாது. 1972-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், அவரையும் விசாரிக்காமல் பிடுங்கக் கூடாது என்றது.

'அப்பாடா' என்று மூச்சுவிடுவதற்குள் 1983-ல் இன்னொரு வழக்கு, நியூயார்க்கிலிருந்து. அங்கே கல்யாணமாகாத அப்பாக்களுக்கு என்றே ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். 'இந்தக் குழந்தைக்கு நான் அப்பா' என்று ஒரு தபால் கார்டு போட்டால் போதும், தத்துக் கொடுக்கும்முன் நோட்டீஸ் வரும். ஒருவர் அந்தக் கார்டைப் போடவில்லை. ஆனால், தன்னை அப்பாவாக அறிவிக்கக் கேட்டு வேறொரு கோர்ட்டில் மனுவே போட்டிருந்தார். தத்து உத்தரவு போட்ட நீதிபதிக்கும் அது தெரியும். இருந்தும் அவரைக் கூப்பிடாமல் குழந்தை, அம்மாவின் புதுக் கணவருக்குத் தத்துப் போனது. சுப்ரீம் கோர்ட், போனது போனதுதான் என்றது. வெறும் ரத்தம் மட்டும் போதாது, அப்பாவாக நடந்து காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாதம் நியாயம்தான், ஆனால் கடைசியில் தபால் கார்டுதான் ஜெயித்தது. சர்க்கார் பதிவேடு எங்கும் ஒரே ஜாதி போலிருக்கிறது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் வழி. அங்கேயும் ரொம்ப நாள் கல்யாணமாகாத அப்பாவுக்குத் தானாக எந்த அதிகாரமும் கிடையாது. 2003 டிசம்பர் 1-லிருந்து, குழந்தையின் பிறப்பை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து பதிந்தால் அவருக்கு முழுப் பொறுப்பு வந்துவிடும் என்று மாற்றினார்கள். அம்மா சம்மதிக்காவிட்டால் அவர் கோர்ட்டுக்குப் போய்த் தன் யோக்கியதையைக் காட்டலாம். சட்டத்தில் அந்த வார்த்தையே 'உரிமை' இல்லை, 'பொறுப்பு'. பெண் வக்கீல் சொன்ன கத்திப் பயத்துக்கு முக்கால்வாசி பதில் இதில் இருக்கிறது.

நாம் என்ன செய்தோம்? உத்தராகண்டில் 2025 ஜனவரி 27-ல் பொது சிவில் சட்டம் அமலுக்கு வந்தது. சேர்ந்து வாழ்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தை முறையான குழந்தையே என்று அதில் பளிச்சென்று எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எழுந்து நின்றேன். அடுத்த பாராவைப் படித்து உட்கார்ந்துவிட்டேன். சேர்ந்து வாழ்கிறவர்கள் கட்டாயம் அரசாங்கத்திடம் பதிய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பதியாமல் இருந்தால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய நியாயத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் லட்டி. திவாரி முதல்வராக இருந்த அதே மாநிலம் என்பது வெறும் தற்செயல்தான்.

நம் கோர்ட்டுகளின் நல்ல தீர்ப்புகளிலும் இப்படி ஒரு முள் இருக்கிறது. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த ஆணும் பெண்ணும் கல்யாணம் ஆனவர்கள் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும் என்று 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட், ஒரு குடும்பச் சொத்து வழக்கில் மறுபடி சொன்னது. அந்த மகனுக்குப் பங்கும் கிடைத்தது. கேரளத் தீர்ப்பும் கடைசியில் 'தம்பதி மாதிரி' என்றுதான் போய் நிற்கிறது. ஆக, அப்பா என்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டுமானால் முதலில் புருஷனாக வேண்டும். நிஜமாகவோ, ஊகத்திலோ.

இதைத்தான் நண்பரிடம் அவருடைய வக்கீலும் சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் பின்னால் பிரச்னை வந்தால் கேஸ் போடலாம், எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்ததற்கு ரேஷன் கார்டு, கேஸ் பில் எல்லாம் காட்டலாம், கல்யாணம் ஆனதாகக் கோர்ட்டே எடுத்துக்கொள்ளும் என்று.

"அதாவது, நான் செத்ததுக்கு அப்புறம் எனக்குக் கல்யாணம் பண்ணி வைப்பாங்களா சார்?"

வக்கீலுக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். உயில் எழுதிவிடுங்கள், சுயமாகச் சம்பாதித்த ஃபிளாட்தானே, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கிறார். போன வாரம் எழுதியாயிற்று. சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று என்னுடையது. உயிலில் 'என் மகள்' என்று நண்பர் போட்டிருந்த இடத்தைக் காட்டி, அது போதாது, பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் தெளிவாகப் போடுங்கள், நாளைக்கு யாராவது கிளப்பினால் 'மகள்' என்ற வார்த்தையில் தொங்க வேண்டாம் என்றார் வக்கீல். திருத்தி எழுதினோம்.

கிளம்பும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. எதுக்கு இவ்வளவு சிரமம்? ரிஜிஸ்டர் ஆபீஸ் இங்கேதான், ரெண்டு தெரு தள்ளி. ஒரு கையெழுத்து. கல்யாணம் பண்ணிக்கங்களேன்?"

"பண்ணிக்கறேன் சார். இன்னிக்கே வேணும்னாலும் பண்ணிக்கறேன். ஆனா, இவ ஆறு வருஷம் முன்னாடியே பொறந்துட்டாளே. இன்னிக்குப் பண்ற கல்யாணம் அவளுக்குப் பொருந்துமா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ஜூனியரைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்.